மெக்சிக்கோ அண்ணையின் முழு மீன்

மொன்றியலில் பனிக்குப் பயப்படாத தமிழரைக் கண்டிருக்கிறேன். மெக்சிக்கோ அண்ணையின் விருந்துக்குப் பயப்படாத ஒருவரையும் கண்டதில்லை.

மெக்சிக்கோவில் அவர் கால் வைத்ததே கிடையாது. மன்னார் மனிதர். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், மொன்றியலின் லாசால் பகுதியில் எனக்கு நேர் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். டவுன்டவுனில் ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் சமையல் வேலை. அங்கே பழகிய வெராகுரூஸ் ஊர்ப் பாணி மீனை ஞாயிறுதோறும் வீட்டுப் போறணையில் வேகவைப்பார். மீன் தலையோடு முழுசாகத்தான் போக வேண்டும். துண்டு போட்டால் மீனுக்கு அவமரியாதையாம். முழு மீனை ஒற்றை ஆள் என்ன செய்வது? ஆகவே ஆள் பிடிப்பார்.

"குழாய் ஒழுகுது தம்பி, ஒருக்கா வந்து பார்."

போனால் குழாய் சுகமாக இருக்கும். மேசையில் தட்டு காத்திருக்கும். தட்டைத் தொட முதல் சரித்திர வகுப்பு வேறு.

"தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணின்ரை. ஒலிவ் காயும் கேப்பர் மொட்டும் ஸ்பெயின்காரன் கப்பலிலை கொண்டந்தது. அடிச்சுப் பிடிச்ச நாட்டிலையே எல்லாம் ஒரு சட்டியிலை ஒற்றுமையாக் கிடக்குது. எங்கட சனத்தை ஒரு மண்டபத்திலை இருத்து பாப்பம்!"

ஒருநாள் ஒரு விருந்தாளி சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் சரையை எடுத்துத் தூவிவிட்டார். அண்ணை தட்டைப் பறித்தார்.

"மிளகாய் அவங்கடை எண்டு நீங்கள்தானே சொன்னியள்!"

"மிளகாய் அவங்கடை. தூள் உன்ரை! எழும்பு!"

பாவம், மனிதர் கரண்டியும் கையுமாகப் படிக்கட்டில் நின்றார். கதை பரவியது. அதன்பிறகு அண்ணையின் குழாய் ஒழுகினால் கட்டடமே கதவைச் சாத்திக்கொண்டது.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகை மத்தியானம் குப்பை போட இறங்கினேன். அண்ணையின் கதவு திறந்திருந்தது. மினுக்கிய சட்டையோடு வாசலில் நின்றார். உள்ளே எல்லாக் கதிரைகளுக்கு முன்னாலும் தட்டுகள். நடுவில் ஒரு பெரிய மீன், ஆறிக்கொண்டிருந்தது.

"பூசை முடிஞ்சு வாறம் எண்டவை. பனிதானே, அதுதான்…"

பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியே நல்ல வெயில். குப்பைப் பையை வைத்துவிட்டுக் கைகழுவி உட்கார்ந்தேன். அன்று அவர் சரித்திரமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நானாகவே கேட்டேன், "ஒலிவ் காய் ஆர் கொண்டந்தது அண்ணை?" அவர் "சாப்பிடு" என்றார்.

மீனின் மேல்பக்கம் முடிந்து நடுமுள் தெரிந்தது. எழும்பினேன்.

"போறியே?"

"ஓம் அண்ணை, பேந்து வாறன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை அடியில் கொடுத்து மீனை மெதுவாகப் புரட்டினார்.

"மற்றப் பக்கம் இருக்குத் தம்பி."

வயிற்றில் ஒரு ஒலிவ் காய்க்கும் இடமில்லை. திரும்ப உட்கார்ந்தேன். அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.