அம்மிக்கல்லில் ஒடிந்த முருங்கை

நேர்கோல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கிடைத்துவிட்டால் எனக்குத்தான் வம்பு. அந்த நாட்டுக் கொடியில் ஒரு பிரம்பு இருக்கும். நாணயத்தில் பிரம்பு இருக்கும். அரசர் கையில் இருந்தது என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசரை மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நீளப் பிரம்புக் கட்சி, தடிப் பிரம்புக் கட்சி என இரண்டு கட்சிகள். இரண்டுக்கும் கீரியும் பாம்பும் போல ஆகாது. ஆனாலும் இரண்டு மேடைகளிலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள்!" இதைக் கேட்டதும் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். யார் அதிகமாகக் கலக்கினாரோ அவருக்கு முடிசூட்டினார்கள்.

முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று ஒரு பழமொழி உண்டல்லவா? நாம் அதைச் சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போய்விடுவோம். நேர்கோல் நாட்டில் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு முருங்கை வைக்க வேண்டும். மாதம் ஒரு கொம்பு வெட்டி, அது ஒடியும்வரை பிள்ளையை அடிக்க வேண்டும். அடிக்காதவர் மேல் 'பிள்ளையைப் பாழாக்கிய குற்றம்' பாயும். தாய் கல்சிறைக்குப் போவாள், பிள்ளை அரசாங்கப் பிரம்பு மடத்துக்குப் போகும். மடத்துக்குப் போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் உண்டு. பேசினவர்கள்தான் இல்லை.

அடித்தார்களா என்று பார்க்க 'கொம்பு பார்க்கிறவர்' என்றொரு அதிகாரி மாதாமாதம் தெருவுக்கு வருவார். பிள்ளையின் முதுகு சட்டைக்குள் இருக்கிறது, முருங்கை வாசலில் நிற்கிறது. எது பார்க்கச் சௌகரியம்? அவர் மரத்தைப் பார்த்தார். கொம்பு வெட்டுப்பட்டிருந்தால் தலையாட்டிவிட்டுப் போனார்.

இதைக் கவனித்த ஏதோ ஒரு மகராசி, பேர் தெரியாது, ஒருநாள் கொம்பை வெட்டி அம்மிக்கல்லில் ஓங்கி அடித்தாள். முருங்கை என்ன கருங்காலியா, ஒரே அடியில் முறிந்தது. "கத்துடா" என்றாள். பிள்ளை "ஐயோ அம்மா!" என்று கத்தியது. அன்று அந்த வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல். மறுமாதம் பக்கத்து வீட்டிலும் அம்மிக்கல் சத்தம் கேட்டது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக்குள் நாடு முழுக்க அம்மிக்கல் அடிவாங்கியது, பிள்ளைகள் கீரை தின்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் விபரீதம். பிள்ளைகள் நல்லவர்களாகிவிட்டார்கள். திருட்டு குறைந்தது. கள்ளுக்கடை ஈயாடியது. திருவிழாவில் மண்டை உடையவில்லை. சின்னப் பையன்கள் நாய் வாலில் பட்டாசு கட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அரசர் பிரம்பாதித்தருக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த தேர்தலுக்கு எதைச் சொல்வது?

"மகாபிரபு, இளையோர் தவறு செய்யாவிட்டால் தவறின் வரையறையைச் சற்றே அகலப்படுத்துவோம்" என்றார் ஒழுக்க மந்திரி உலகளந்தார்.

அகலப்படுத்தினார்கள். தெருவில் சிரிப்பது குற்றமாயிற்று. மூன்று இளைஞர்கள் சேர்ந்து நின்றால் கூட்டம் கூட்டிய குற்றம். பிள்ளைகள் "சரிங்க" என்று தனித்தனியாக நடந்தார்கள். காவலர்கள் வேண்டுமென்றே கிள்ளிப் பார்த்தார்கள். அதற்கும் "விடுங்கண்ணே, வலிக்குது" என்றார்களே தவிர ஒருவரும் கை ஓங்கவில்லை.

"இவர்கள் நல்லவர்களானதற்குக் காரணம் என் பிரம்பே என்று அறிவித்துவிடலாம். நாட்டிலேயே மிக நல்ல பிள்ளையையும் அதை அடித்து வளர்த்த தாயையும் சபைக்கு அழையுங்கள். எத்தனை கொம்பு ஒடிந்தது என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும்" என்றார் அரசர்.

அழைப்பு வந்தது வேலம்மையின் வீட்டுக்கு. அவள் மகள் முத்துநகைக்குப் பதினெட்டு வயது. பொய்யே சொல்லாத பெண் என்று ஊரில் பேர். கொட்டிய பாலுக்குப் பூனைமேல் பழிபோடத் தெரியாது. பொய் சொல்ல ஒரு பயம் வேண்டும். அது அவளுக்கு வாய்க்கவில்லை.

அரண்மனை வண்டியில் ஏறியதுமே வேலம்மை மகளை நெருக்கி உட்கார்ந்தாள். வண்டிக்காரன் காது கூர்மையானது என்று அவளுக்குத் தெரியும். மகளின் காதோரம் குனிந்தாள்.

"ராசா கேட்டா, அம்மா அடிச்சாங்கன்னு சொல்லிரு."

"நீ எங்கம்மா அடிச்ச?"

"மெதுவாடி! சொல்லுன்னா சொல்லேன்."

"அம்மிக்கல்லுலதான அடிப்ப? நான் கத்துவேன். எல்லா வீட்லயும் அப்படித்தான?"

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். வேலம்மை சட்டென்று சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் அதை ஒரு விளையாட்டாகவே வளர்த்துவிட்டாளே பாவி, இது ஒளிக்க வேண்டிய சங்கதி என்று மகளுக்குச் சொல்லவே இல்லையே. மிச்ச வழி முழுக்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கை சில்லென்று இல்லை, அவளுடையதுதான் சில்லென்று இருந்தது.

சபையில் மந்திரிகள், கொம்பு பார்க்கிறவர்கள், அவர்கள் மனைவிமார் எல்லோரும் இருந்தார்கள். அரசர் கனிவாகவே கேட்டார்: "குழந்தாய், உன் முதுகில் எத்தனை கொம்பு ஒடிந்திருக்கும்?"

"ஒண்ணுகூட ஒடியலைங்க. எல்லாம் அம்மிக்கல்லுலதான் ஒடிஞ்சது" என்றாள் முத்துநகை. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒழுக்க மந்திரி கூரையைப் பார்த்தார். அவர் மனைவி தரையைப் பார்த்தாள். அத்தனை பேர் வீட்டிலும் அம்மிக்கல் இருந்தது. ஒருவர், ஒரே ஒருவர், "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று எழுந்திருந்தால் கதை மாறியிருக்கும். எழுந்திருக்கவில்லை. நானும் நீங்களும் அங்கே இருந்தால் எழுந்திருப்போமா என்று மார்பில் கைவைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அரசர் முன்னால் சாய்ந்தார். "அப்படியானால் எதற்குப் பயந்து நல்லவளாக இருக்கிறாய்?"

"பயமா?" அவளுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "தப்பு செஞ்சா அம்மா முகம் வாடிரும். அதாங்க. பயம்னு ஒண்ணுமில்லைங்க."

அரசர் தன் கையிலிருந்த பிரம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மந்திரியின் பக்கம் குனிந்து, "இவர்களை எதைக் காட்டி ஆள்வது?" என்று கேட்டார்.

உடனே ஆணை பிறந்தது. இனி அடி, தெருவில், அதிகாரி கண்ணெதிரே. முருங்கை ஏமாற்றுகிற மரம் ஆகையால் இனிப் புளிய விளார். ஒடியும்வரை அடி என்ற பழைய விதியில் மாற்றமில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் விடுதலை கிடையாது. அவர்களுக்கு இத்தனை வருடத்துப் பாக்கி அடி உண்டு. புளிய விளாரை ஒடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வளையும், ஒடியாது.

"சபையிலேயே தொடங்குவோம். தாயே, நீ அடிக்கிறாயா, அல்லது பெண்ணைப் பிரம்பு மடத்துக்கு அனுப்பட்டுமா?" என்றார் உலகளந்தார்.

விளாரை வேலம்மையின் கையில் திணித்தார்கள். அவள் அதைக் கீழே போட்டாள். மறுபடி திணித்தார்கள். வாசலில் மடத்து வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சாமி, எம்புள்ள என்ன தப்பு செஞ்சா? அதை மட்டும் சொல்லுங்க சாமி" என்று கதறினாள் வேலம்மை.

"ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினை" என்றார் மந்திரி. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

முத்துநகை தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருப்பது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மண்டியிட்டு முதுகைக் காட்டினாள்.

"அடிம்மா. என்னைய அனுப்பிறாத."

வேலம்மை அடித்தாள். விளார் ஒடியவில்லை. மறுபடி அடித்தாள். சபை பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பு பார்க்கிறவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். விளார் ஒடியவே இல்லை. வேலம்மைதான் கால் மடங்கி விழுந்தாள். மகளின் முதுகைத் தொட்டவள், ஈரமான தன் விரல்களைப் பார்த்தாள்.

"வலிக்குதாடி? எந்தங்கமே, வலிக்குதா?"

"இல்லம்மா" என்றாள் முத்துநகை. "வலிக்கவே இல்ல."

அவள் வாயிலிருந்து வந்த முதல் பொய் அதுதான்.

நேர்கோல் நாட்டுப் பிள்ளைகள் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவர்கள். முதலில் பொய் சொல்லக் கற்றார்கள். அடுத்து ஒளியக் கற்றார்கள். பெரியவன் சின்னவனை அடித்தான், சின்னவன் அவனைவிடச் சின்னவனைத் தேடினான். கள்ளுக்கடையில் ஈ நிற்க இடமில்லை. திருவிழாவில் மண்டைகள் உடைந்தன. முருங்கை மரங்களை அரசே வெட்டிக்கொண்டு போயிற்று. வாசலுக்கு வாசல் புளியங்கன்று நட்டார்கள்.

தேர்தல் வந்தது. பிரம்பாதித்தர் மேடையேறி, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள்!" என்று முழங்கினார். அந்த நாட்டில் எத்தனையோ அரசர்கள் சொன்ன வாக்கியம்தான். இந்த முறை உண்மையாக இருந்தது.

பெற்றவர்கள் வயிறு கலங்கிக் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற முத்துநகையும் மற்றப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும்.