எல்லாம் பேரிங்தான்

நம் ஊரில் 'பேரிங் போச்சு' என்றொரு இனம் உண்டு. ஃபேன் முனகினாலும், தையல் மிஷின் இருமினாலும், எதிர்வீட்டுக்காரர் முழங்கால் சொடுக்கினாலும், தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கேட்டுவிட்டு, அந்த இரண்டே வார்த்தையைச் சொல்லும். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

டோல்கேட் பக்கம் ஒரு சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் செங்கொடிக்கு வாய்த்தவர் மேல்வீட்டு வரதன். மறுநாள் காலை வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டி. ஆடுகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இட்லி தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். சொதப்பினால் அடுத்தது எதிர்க்கடைக்குப் போய்விடும். சாயங்காலம் கிரைண்டரில் உளுந்தைப் போட்டாள். எங்கோ 'கிர்ர்' என்றது. அவ்வளவுதான், படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா, பேரிங் போச்சா?"

"நல்லாத்தானே சுத்திக்கினு கீதுண்ணா."

"சுத்தும். திடீர்னு நின்னுக்கும். ஓப்பன் பண்ணிப் பாத்துரலாம்."

கவனித்தீர்களா? 'சரி பண்ணலாம்' என்று இந்த இனம் ஒருநாளும் சொல்லாது. பார்க்கலாம் என்றுதான் சொல்லும்.

உளுந்து குண்டானுக்கு மாறியது, கல் இறங்கியது, மோட்டார் கவிழ்ந்தது, பேரிங் வரதனின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. பாடம் தொடங்கியது.

"இது உள் வளையம், தண்டோட சேந்து சுத்தும். இது வெளி வளையம், ஆடாம குந்திகினு இருக்கும். நடுவுல குண்டு. தேயாம உருளுது பாரு, அதான் சூடு ஏறாது. இந்தத் தகடுதான் கூண்டு. குண்டுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்காம தள்ளித் தள்ளி வெக்கும்."

சொன்னது அத்தனையும் சரி. அங்கேதான் ஆபத்து.

"சத்தமே இல்லாம சுத்துதேண்ணா. மாட்டிடு," என்றாள் செங்கொடி.

மாட்டுவாரா? கூண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, அவர் காட்டினார். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு. குண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கின, உள் வளையம் கழன்று விழுந்தது, குண்டுகள் தரையெங்கும் ஓடி, ஒன்று வாசல் சாக்கடையில் போய்க் குதித்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கண்டெய்னர் லாரி போனது. 'கிர்ர்!' ஆடியது ஜன்னலுக்கு மேலிருந்த தகரம். கிரைண்டர் தன்பாட்டுக்குப் பிணமாகக் கிடந்தது.

செங்கொடிக்கு அழ ஏது நேரம்? பாடம் முடிவதற்குள் பேரிங் கடையும் பூட்டியாகிவிட்டது.

"உங்க வூட்டு கிரைண்டரைக் குடு."

வரதன் தலையைச் சொறிந்தார். அது பரண்மேல் சாக்கில் இருக்கிறதாம். போன தீபாவளிக்கு ஓப்பன் பண்ணிப் பார்த்தாராம். அவர் மனைவி ரமாபாய் ஏன் தினமும் தன்னிடம் மாவு வாங்குகிறாள் என்பது செங்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது.

மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆட்டுக்கல் கிடந்தது. கழுவினாள், உளுந்தைக் கொட்டினாள், அதன் முன்னால் வரதனை உட்காரவைத்தாள். பாதி மாவு அரைபடுவதற்குள் அவர் முகம் கோணியது.

"தோள்பட்டைல கடக் கடக்னு ஒரு சத்தம் வருதும்மா."

"பேரிங் போயிருக்கும். நீ சுத்துண்ணா, நான் ஓப்பன் பண்ணிலாம் பாக்க மாட்டேன்."

இட்லி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பஞ்சு மாதிரி இருந்ததாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சரி, முதல் 'கிர்ர்' கேட்டபோது, 'பேரிங்கா இருக்காது, பெல்ட்டா இருக்கும்' என்று மனசுக்குள் சொன்னது யார்? அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்.