பலாப்பழம் இல்லாத நாவல்

ஒரு காட்டில் புத்தகம் குறைவாகவும் வரிசை நீளமாகவும் உள்ள நூலகம் ஒன்று இருந்தது. அந்த வரிசையில் நாற்பத்தோராவது ஆளாகச் சடையப்பன் என்ற கிழட்டு முள்ளம்பன்றி நின்றது. அதன் கக்கத்தில் ஓர் அவதூறு மனு. புத்தகத்தைப் படிக்கும் முன்பே எழுதி முடித்த மனு.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் சடையப்பன் மரத்தடியில் தூங்கியபோது முதுகில் ஒரு பலாப்பழம் விழுந்தது. முள்ளோடு முள் மாட்டிக்கொண்டு மூன்று நாள் பழமும் கையுமாக, இல்லை, பழமும் முதுகுமாக அலைய வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துப் பூங்கோதை என்ற முயல் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அந்த முயல் குடிக்கும் ஓடையில் சடையப்பன் வாய் வைப்பதில்லை.

இப்போது பூங்கோதை இளைஞர்களுக்காக ஒரு நாவல் எழுதியிருந்தது. அபூர்வ சக்தி கொண்ட மூன்று கீரிச் சகோதரிகளின் கதை. கடைசித் தங்கை காட்டில் உள்ள எல்லோர் மனதையும் படிப்பாளாம்.

"எல்லோரும்னா நானும்தானே? பலாப்பழத்தை எழுதாம விடுவாளா!" என்று சடையப்பன் பல்லைக் கடித்தது.

நூலகத்துக்கும் புகார்ப் பிரிவுக்கும் ஒரே ஆமைதான் குமாஸ்தா. ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்கு வந்து சேர அதற்கு அரை நாள் ஆகும். வந்து மனுவைப் பார்த்தது.

"எந்தப் பக்கத்துல அவமானப்படுத்தினாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருக்கே அண்ணாச்சி?"

"படிச்சதும் நிரப்புறேன்."

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் கைக்கு வந்தது. முந்நூறு பக்கம். மனதாலேயே மலையை நகர்த்தும் மூத்த கீரி, மொத்தக் கதையிலும் ஒரு நெல்லிக்காயை நகர்த்தியது. வருங்காலம் தெரிந்த நடுக் கீரி, மழை வருவது தெரியாமல் நான்கு முறை நனைந்தது. மூன்றும் ஒரே மயிலை நினைத்துப் பெருமூச்சு விட்டன. தங்கை எல்லோர் மனதையும் படித்தது உண்மைதான். காட்டெருமை வாலில் ஒட்டிய உண்ணிக்குக்கூட அரைப் பக்கம்! சடையப்பனுக்கு ஒரு வரி இல்லை. அட்டையை உதறிக்கூடப் பார்த்தது.

நேரே முயல் வளைக்குப் போனது.

"ஏம்மா, என் பலாப்பழம் எங்கே?"

"எந்தப் பலாப்பழம் தாத்தா?"

"ஏழு வருஷம் முன்னால நீ சிரிச்சியே!"

"நானா? சுத்தமா ஞாபகம் இல்லையே."

சடையப்பனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "ஒரு நாள் தவறாம நான் ஞாபகம் வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு மறந்தா என்ன அர்த்தம்? உண்ணியைவிட நான் மட்டமா?"

"கோவிச்சுக்காதீங்க. அடுத்த பதிப்புல சேர்த்திடறேன்."

"நல்லவிதமா எழுதித் தொலைச்சிடாதே!"

அடுத்த பதிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'முதுகில் பலாப்பழத்தோடு ஒரு கிழட்டு முள்ளம்பன்றி வந்தது. தங்கை அதன் மனதைப் படித்தாள். உள்ளே ஆள் இல்லை.'

சடையப்பன் அதை மூன்று முறை சத்தமாக வாசித்தது. வாலை ஆட்டிக் கலகலவென்று முட்களைக் குலுக்கி ஒரு குதி குதித்தது. மனுவில் காலியாக இருந்த கட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு சன்னலுக்கு ஓடியது.

"என்ன அண்ணாச்சி, முகத்துல இவ்வளவு சந்தோஷம்?" என்றது ஆமை.

"அவமானப்பட்டுட்டேன் தம்பி! முத்திரையைக் குத்து!"

ஆமை குத்தியது. "நாவல் எப்படி?"

"முதல் பதிப்பு சுத்தக் குப்பை. ரெண்டாம் பதிப்பு இருக்கே, காவியம்!"

நீதி: உங்களைத் திட்டாத புத்தகம் மோசமான புத்தகம். எழுதியவரை நேரில் பார்த்துத் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்க எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.