கட் என்றால் ஆரம்பி

ஒரு சினிமா நட்சத்திரத்தை உருவாக்கியவன் நான் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதே நியாயம். உண்மையில் நான் உருவாக்கியது ஓர் உதட்டு வீக்கத்தைத்தான். மீதியெல்லாம் அதன் பின்விளைவு.

நட்சத்திரம் என்று நான் சொல்வது குமரேசனை. போஸ்டரில் அவனுக்கு வேறு பெயர். ஒரே உதையில் நான்கு பேரைச் சுவரில் ஒட்டவைக்கிறவன். ரசிகர்கள் ‘பாலாற்று வெள்ளம்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். (பாலாற்றில் வெள்ளத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று ரசிகர்களிடம் கேட்கக் கூடாது.) ஒரு காலத்தில் அவனும் நானும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மெஷின் மேடையில் தோலை விரிக்க வேண்டும். அதன்மேல் ஷூவின் வடிவத்தில் இருக்கும் இரும்பு அச்சை வைக்க வேண்டும். மெஷினின் தலையை அச்சுக்கு நேராக இழுத்து நிறுத்திவிட்டு இரண்டு கையையும் இரண்டு பொத்தானுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் ஆரோக்கியம் அண்ணன் வந்து தோலில் கீறல், உண்ணித் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: ‘கட்.’ உடனே இரண்டு கையும் ஒன்றாக இறங்க வேண்டும். யோசிக்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு ‘கட்’ என்று நான் எண்ணியதில்லை. தூக்கத்தில் யாராவது ‘கட்’ என்றால் போர்வைக்குள் என் கை இறங்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்குவதற்குள் ஜன்னல் கம்பியில் சாய்ந்து மூன்று விதமாக முறைத்துப் பழகுவேன். பின் பாக்கெட்டில் சீப்பு. கராத்தே கிளாஸில் மூன்று நாள் படித்தேன். நான்காம் நாள் மாஸ்டர் துடைப்பத்தைக் கையில் கொடுத்து ஹாலைப் பெருக்கச் சொன்னார். அதோடு அந்தக் கலையில் எனக்குக் கற்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். சினிமாதான் என்னைத் தேடி வர வேண்டும் என்பது என் கணக்கு.

குமரேசன் அப்படியல்ல, அவன் சினிமாவைத் தேடிப் போனான். பச்சைத் தோலைப் பதனிடுகிற தோல் ஷாப்பில் கூலியாக ஆரம்பித்து, பிறகு கட்டிங்குக்கு வந்து, மூன்று வருஷம் மெஷினில் நின்றுவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினான். நாலு வருஷத்தில் இரண்டு முறை பிணமாகவும், ஒருமுறை கல்யாணக் கூட்டத்திலும் நடித்தான். கவிழ்கிற காரின் பின்சீட்டில் உட்கார்ந்து நிஜமாகவே கவிழ்ந்தான். படத்தில் அந்தக் கார் வரவில்லை. அவன் அப்பா நிலத்தில் கூலி வேலை செய்கிறவர். பொங்கலுக்குள் ஊர் திரும்பாவிட்டால் தான் செத்ததற்குக்கூட வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆரோக்கியம் அண்ணனும் பழைய மெஷினையே தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவன் வேலை செய்த படக் கம்பெனி, ஆம்பூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தோல் ஷாப்பில் சண்டை எடுக்க வந்தது. வாடகைக்கு எடுத்தது இரண்டே நாள். பதினான்கு அடியாட்களில் குமரேசன் ஒருவன். இரண்டாம் நாள் அவனுக்குத் தனியாக ஒரு ஷாட் தருவதாக ஃபைட் மாஸ்டர் சொல்லியிருந்தார்.

“இதான் கடைசி, டேவிட். முகம் தெரிஞ்சா மெட்ராஸ். தெரியலேன்னா திங்கக்கிழமை உன் பக்கத்து மெஷினு” என்றான்.

ஓர் அடியாள் குறைகிறான், நீ வருகிறாயா என்றும் கேட்டான். நான் உடனே தலையாட்டினேன். கம்பெனியில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அம்மாவிடம் கம்பெனிக்குப் போகிறேன் என்றேன். (அம்மா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.)

ஷூட்டிங் காலையிலேயே தொடங்கியது. கதாநாயகன் மெட்ராஸ்காரர். தோல் ஷாப் வாசனை எங்கள் மூக்குக்கே தெரியாது. அவரோ சென்ட் தெளித்த கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. ‘உழைக்கிற ஜனங்க வேர்வை வாசம்தான்டா எனக்கு ஆக்சிஜன்’ என்று அவர் வசனம் பேச வேண்டியிருந்தது. பேசிவிட்டு ஓடிப்போய் வெளியே மூச்சு வாங்கினார். போதாக்குறைக்கு மழைக் காட்சி என்று தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வருஷக்கணக்காகச் சுண்ணாம்பும் கொழுப்பும் ஊறிய தரை அது. மெட்ராஸ் ஃபைட்டர்கள் அடி வாங்குவதற்கு முன்பே விழுந்துகொண்டிருந்தார்கள்.

என் வேலை சுலபமானது என்று ஃபைட் மாஸ்டர் விளக்கினார். ‘ஆக்‌ஷன்’ என்றதும் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து கதாநாயகன் முதுகுக்கு ஓரடி தள்ளி நிற்க வேண்டும். கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் திரும்பி உதைப்பார். நான் பறந்துபோய் மெத்தையில் விழ வேண்டும். அவ்வளவுதான்.

‘ஆக்‌ஷன்’ என்றார்கள். ஓடினேன். ஓரடி தள்ளி நின்றேன். கம்பைத் தூக்கினேன். ரயிலில் பழகிய மூன்றாவது முறைப்பு முகத்தில் தானாக வந்தது.

கதாநாயகன் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து அவருக்குத் தும்மல். ஒன்றல்ல, தொடர்ந்து நாலைந்து. நான் என்ன செய்வேன்? இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். நடிப்பில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருப்பதில் ஐந்து வருஷ அனுபவம்.

டைரக்டர் சலிப்போடு சொன்னார்: “கட்.”

கை இறங்கியது.

கதாநாயகனும் சரியாக அந்தச் சமயத்தில் என் பக்கம் திரும்பினார். கம்பு சினிமாக் கம்பு, தெர்மோகோல்; அவர் நெற்றியில் பட்டுப் பொடிப்பொடியாகப் போயிற்று. அதன் பின்னாலேயே வந்த என் முஷ்டிகள் இரண்டும் நிஜ முஷ்டிகள். அவர் வாயில் இறங்கின. மெத்தையில் விழ வேண்டியவன் நான், விழுந்தவர் அவர்.

மழை மெஷினை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நிதானமாக நடந்து வந்தார்.

“நான் கட்டுன்னு சொன்னேனா இல்லியாய்யா?”

“சொன்னீங்க சார். அதான் அடிச்சேன்.”

அவர் முகத்தில் அப்போது வந்த நடிப்பை அந்தப் படத்தில் வேறு யாரும் தரவில்லை. குமரேசன் குறுக்கே வந்து கைகூப்பினான். இவன்மேல் தப்பில்லை, நாங்கள் கட்டிங் செக்‌ஷன், எங்களுக்குக் கட் என்றால்தான் ஆரம்பம் என்று விளக்கினான். விளக்கம் முடிவதற்குள் இரண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். கதாநாயகனின் கார் எங்களைத் தாண்டி வேலூர் பக்கம் பறந்தது. ‘இந்த நாத்தம் புடிச்ச எடத்துக்கு இனி வரமாட்டேன்’ என்று அவர் கர்ச்சீப்புக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கேட்டுக்கு எதிரே வேலிக்காத்தான் நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். குமரேசன் இரண்டு அறை கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனுடைய நாலு வருஷத்தை ஒரே அடியில் முடித்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன். (முறைப்பு மூன்றும் மறந்துபோயிருந்தது.)

செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே அவன் சொன்னான்: “நானும் மெட்ராஸ் போன புதுசுல ஒரு மாசம் கைய பாக்கெட்லயே வெச்சினு இருந்தேன்டா. யாராச்சும் ‘கட்’னு சொன்னா இறங்கிடுமோன்னு பயம். உன்கிட்ட சொல்லியிருக்கணும். மறந்துட்டேன். வுடு.”

உள்ளே வேறொரு பேஜார் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளோடு வாடகை முடிகிறது, சண்டை பாதியில் நிற்கிறது, கதாநாயகனோ இல்லை. ஃபைட் மாஸ்டர், கதாநாயகன் உயரத்துக்கு யாராவது இருக்கிறார்களா என்று அடியாட்களை நிற்கவைத்து அளந்து பார்த்திருக்கிறார். உயரம் பொருந்தியவன் தரையில் நிற்க முடியாமல் விழுந்தான். தரையில் நின்றவன் குள்ளமாக இருந்தான். கடைசியில் அவரே கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“உன்னாலே இந்தத் தரையில ஓட முடியுமா?” என்று குமரேசனைக் கேட்டார்.

“ரெண்டு வருஷம் இந்த மாதிரித் தரையில தோலு தூக்கினவன் சார்” என்றான் குமரேசன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

கதாநாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு, முகத்தைக் காட்டாமல், அன்று மாலைவரையும் மறுநாள் முழுக்கவும் அவன் போட்ட சண்டையை நான் சுவர் ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். (எனக்கு உள்ளே அனுமதி இல்லை. என்னைப் பார்த்தால் விரட்டுவதற்கென்றே கேட்டில் ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள்.) எல்லோரும் வழுக்கி விழுகிற இடத்தில் அவன் கால் விரலை ஊன்றி ஓடினான், வழுக்கிக்கொண்டே போய் உதைத்தான், வேண்டிய இடத்தில் நின்றான்.

முதல் நாள் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா டியூட்டி முடிந்து வந்திருந்தாள். அன்றைக்கு ஒரு சினிமாக்காரர் வாய் கிழிந்து வந்தார், தான்தான் மருந்து வைத்தேன் என்றாள். “எவனோ புத்தியில்லாதவன் நிறுத்துன்னு சொன்னா அடிச்சிருக்கான். அவனுக்கு நல்ல புத்தி குடுங்க ஆண்டவரேன்னு அங்கியே ஜெபம் பண்ணேன்.”

நான் ‘ஆமென்’ என்றேன். சாப்பாட்டுக்குக் கை நீட்டியபோது என் முஷ்டியில் இரண்டு பல் தடத்தை அவள் பார்த்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மனுஷப் பல்லு. ஊசி போடணும்” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் அவளே போட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே குத்தினாள் என்பது என் சந்தேகம்.

படம் ஓடவில்லை. ஆனால் அந்த ஒரு சண்டைக்கு மட்டும் தியேட்டரில் விசில் பறந்தது. முகம் தெரியாமல், வெறும் முதுகுக்கு விசில் வாங்கிய நடிகன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். விசில் யாருடைய முதுகுக்கு என்பது டைரக்டருக்குத் தெரியும். அடுத்த படத்தில் குமரேசனை வில்லனின் வலது கையாக ஆக்கினார். அதற்கடுத்து வில்லன். அதற்கடுத்து அவன் முகம் காட்பாடி ஸ்டேஷன் எதிர்ச் சுவரில் நாலு ஆள் உயரத்துக்கு நின்றது. அவன் அப்பா அதன் கீழே நின்று, ‘இவ்ளோ பெரிய மூஞ்சி எதுக்கு’ என்று கேட்டாராம். நான் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ரயிலேறி, ஆம்பூரில் இறங்கி, ஆரோக்கியம் அண்ணன் ‘கட்’ சொல்லக் காத்திருந்தேன்.

சில வருஷம் கழித்து வேலூரில் ஒரு சர்ச்சில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் குமரேசன். அவனைப் பார்க்க வந்த கூட்டம் கேட்டுக்கு வெளியேயும் நின்றது. எனக்காக வந்தவர்களை எண்ணிவிடலாம். பாதிரியார் ஜெபித்துத் தாலியை என் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் தூக்கி ஸ்டெல்லாவின் கழுத்துக்கு நேராகப் பிடித்தேன். பாதிரியார் தலையசைத்தார். என் கை அசையவில்லை. மறுபடியும் அசைத்தார். அம்மா முதல் வரிசையிலிருந்து கண்ணை உருட்டினாள்.

பின்னாலிருந்து குமரேசன் மெதுவாகச் சொன்னான்: “கட்.”

கை இறங்கியது. மூன்று முடிச்சும் ஒரே மூச்சில் விழுந்தன. பாதிரியார் காதில் அது ‘கட்டு’ என்று விழுந்ததாம். நல்ல தோழன் என்று மெச்சினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டுமா, ஒட்டடை அடிக்க வேண்டுமா, ஸ்டெல்லா என்னிடம் நேரடியாகச் சொல்வதில்லை. ‘கட்’ என்பாள். நான் எழுந்துவிடுவேன். குமரேசன் ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி அம்மாவும் அவளும் கேட்பார்கள். அவன் எழுந்து நின்று என் முறைப்பையும் சேர்த்து நடித்துக் காட்டுவான். கடைசியில் ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுக்கொண்டே அதே கேள்வியைக் கேட்பாள்:

“கல்யாணத்தன்னிக்கு நீங்க ‘ஆக்‌ஷன்’னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன் இல்லண்ணா?”