ஏனோக்கு கேட்ட நீல உடுப்பு

நியூபோர்ட் துறைமுகம்,
1752 அக்டோபர்.

பாஸ்டனில் குடும்பத்தோடு சுகமாய் வாழும் தொற்காள் அக்காவுக்கு, தங்கை தாமரிஸ் வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்பில் குறையில்லை. அங்கே அத்தானின் மூட்டுவலியும் உன் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, உன் மாடி அறையைக் கொஞ்சம் ஒழித்து வை. என் தையல் கடை படுத்துவிட்டது. கப்பல் தலைவர் ஏனோக்கு கடலோடு போய்விட்டார் என்று ஊரே முடிவுகட்ட, அவர் தம்பி யாபேஸ் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "அண்ணிக்கு ஞாயித்துக்கெழமைக்குள்ள துக்க உடுப்பு தச்சுடு. அதப் போட்டாத்தான் அழுவா, அழுதாத்தான் அடங்குவா" என்றான். மறுநாள் பட்டப்பகலில், வாயில் குண்டூசிகளோடு நான் கத்தரியை எடுக்கிறேன், வாசற்படியில் ஏனோக்கே நிற்கிறார்! பேய் என்று தோன்றவேயில்லை அக்கா, கோபம்தான் வந்தது. ஊசிகளைத் துப்பிவிட்டு, "எங்கய்யா போய்த் தொலஞ்சீங்க? அங்க ஒருத்தி பச்சத்தண்ணி குடிக்காம கெடக்கா!" என்று கத்தினேன். அவர், "கறுப்பு வேணாம் தாமரிஸ். அவளுக்கு நீலந்தான் எடுப்பா இருக்கும்" என்றார். அன்று அடித்த காற்றில் என் கதவே படபடத்தது. அவர் மேலங்கியின் நுனிகூட அசையவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், படி காலி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஓடினேன், "கேத்தூரா, உன் புருஷன் வந்துட்டாரு, அடுப்ப மூட்டுடி!" என்று. அவளும் ரொட்டி சுட்டாள், அக்கம்பக்கமெல்லாம் கூடி வாசலையே பார்த்தது, யாரும் வரவில்லை. யாபேஸ் என் முகத்தை மோந்து பார்த்து, "பகல்லயே ரம்மா?" என்றான். கேத்தூராள் மட்டும் என் கையைப் பிடித்தாள். "எந்த நீலம்னு சொன்னாரு?" "கேக்கல தாயி" என்றேன்.

நீலத்திலேயே தைத்தேன். அளவு பார்க்க இடுப்பை இறுக்கியபோது அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்து, "ரொம்ப இறுக்காத, அவருக்குப் புடிக்காது" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்துக்கு நீலத்தில் போக, ஒரு பெஞ்சே எழுந்து நகர்ந்து உட்கார்ந்தது. அதோடு என் வாடிக்கைக்காரிகள் துணியைத் திருப்பி வாங்கத் தொடங்கினார்கள். ஒருத்தி ஒரு கை மட்டும் வைத்த உடுப்பைக்கூட விடவில்லை, பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஆகவே புறப்பட்டு வருகிறேன். அத்தானுக்கு வந்தனம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்களைத் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

என்றும் அன்புள்ள,
தாமரிஸ்

பி.கு.: அறையை ஒழிக்காதே! இன்று காலை ஏனோக்கு வந்து இறங்கிவிட்டார், எலும்பும் தோலுமாய், உயிரோடு. கப்பல் உடைந்து ஏதோ ஒரு தீவில் காய்ச்சலில் கிடந்தாராம். என் கடைக்கு வந்ததாக அவருக்கு நினைவே இல்லை. நீலத்தில் நின்ற மனைவியைக் கண்டு குழந்தை மாதிரி அழுதார். இப்போது ஊர்ப் பெண்களெல்லாம் நீலப் பட்டு கேட்டு என் கடையில் நெரிகிறார்கள். இதை மடித்து அரக்கு வைக்கப் போகும்போது யாபேஸ் உள்ளே வந்தான். விடியற்காலையில் மீன்பிடிக்கப் போன அவன் படகு இன்னும் கரை திரும்பவில்லை. இத்தனை பேருக்கு நடுவே வந்தும், ஒருத்திகூட ஒதுங்கி வழிவிடவில்லை. "எம் பொண்டாட்டிக்குக் கறுப்பு எடுத்து வை" என்கிறான், மெதுவாக. அவளோ அவன் பக்கத்திலேயே நின்று நீலப் பட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அக்கா.