லான்காஸ்டருக்குள் ஏதோ உருளுகிறது

நெவில் விமானத்தை மெல்ல இடப்பக்கம் சாய்த்தான். உள்ளே ஏதோ உருண்டு போனது. வலப்பக்கம் சாய்த்தான். அது உருண்டு திரும்பி வந்தது.

"உள்ள எதுவோ கழண்டிருச்சு" என்றான்.

அவனுக்காகக் கொண்டுவந்த தேநீரை வாசலில் நின்றபடி அவன் மனைவி மாவிஸே ஒரு மடக்கு குடித்தாள்.

"ஞாயித்துக்கிழமைதான ஒட்டி மூடின? இனி பெயின்ட் மட்டும்தான்னு சொன்ன?"

"சொன்னேன். இப்படி லொடலொடன்னா எப்படிம்மா விடறது?"

"காதைப் பொத்திக்கிட்டு விடு."

அது போர்க்காலத்து லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரி. இறக்கை மட்டுமே மூன்று அடிக்கு மேல். மாடியில் இருந்த உபரி அறையை அது முழுதாக எடுத்துக்கொண்டிருந்தது. ஏழு வீரர்களின் இருக்கைகள், வழிகாட்டியின் மேசை, மேசைமேல் விளக்கு, விளக்கின் கீழ் வரைபடம், வரைபடத்தின்மேல் பென்சில் என்று நெவில் உட்புறத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை யார் கண்ணுக்கும் படாது. லிங்கன் நகரில் அவன் போகும் விமான மாதிரி மன்றத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

விமானம் முடிந்ததும் பழைய ஓடுதளத்துக்குப் பக்கத்திலிருந்த ஊர்ப் பொதுக்கூடத்துக்குக் காட்சிக்குப் போய்விடும். அறைக்குக் கட்டில் வரும். கட்டிலுக்கு மாவிஸின் அம்மா ஹில்டா வருவாள். தோட்டத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து, அம்மாவைத் தனியாக விட மாவிஸுக்கு மனமில்லை. நெவிலும் முழு மனதோடுதான் சரி என்றிருந்தான்.

ஹில்டாவும் ஆவலாக இருப்பதாகத்தான் தெரிந்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறிவிடுவாள்.

"என்ன மாப்ளே, முடிஞ்சுதா?"

"கிட்டத்தட்ட அத்தை."

"கிட்டத்தட்டன்னா?"

உருள்வதை வெளியே கொண்டுவர, நெவில் விமானத்தைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினான். உருண்டது வரவில்லை. வால் சக்கரம் ஒடிந்து கம்பளத்தில் விழுந்து காணாமல் போனது. முட்டிபோட்டுத் தேடியபோது அது அவன் முட்டிக்குக் கீழேயே இருந்தது, இரண்டு துண்டாக.

வெளியே வராவிட்டால் உள்ளேயே ஒட்டிவிடலாம் என்று தோன்றியது. வயிற்றில் சிறு துளை போட்டு, நொடியில் இறுகும் பசையை ஊற்றினான். சத்தம் நின்றது. நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தால், விமானத்தின் கண்ணாடிகள் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. மூடிய இடத்தில் அந்தப் பசையின் ஆவி கண்ணாடியைக் கெடுக்கும் என்று மன்றத்துக்குப் புதிதாக வருகிறவர்களை எச்சரிப்பதே அவன்தான்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் மாவிஸ். "மூடுபனியில பறக்குதுன்னு சொல்லிடு."

வேறு வழியில்லை. மெல்லிய கத்தியால் விமானி அறையின் கண்ணாடிக் கூண்டை நெம்பினான். கூண்டு வந்தது. கூடவே மூக்கில் பாதியும் வந்தது.

உள்ளே, வழிகாட்டியின் மேசையில், உருண்டையாகப் பச்சை நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நெவில் மாதிரியைச் செய்யும் முறை போட்ட வரைபடங்களை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இப்படி ஒரு பாகமே இல்லையே. ஆக்சிஜன் குமிழா இருக்குமோ?"

மாவிஸ் குனிந்து பார்த்தாள். "பட்டாணி."

"லான்காஸ்டர்ல அந்த மாதிரி எதுவும்..."

"நெவில், அது பட்டாணி. நான் ஊறவைக்கிற காய்ஞ்ச பட்டாணி."

மாவிஸின் முகம் மாறியது.

"எங்கம்மா இங்க வர்றது பிடிக்கலேன்னா, நேரா சொல்லியிருக்கலாமே."

"நானா போட்டேன்? நான் எதுக்கும்மா...?"

"பின்ன பட்டாணி தானா பறந்து வந்துச்சா?"

அவள் இறங்கிப் போய்விட்டாள். சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு தன்னோடுதான் வந்திருக்குமோ என்று நெவில் யோசித்தான். அப்படிச் சொன்னால் அது தனக்கே பொய்போல் கேட்கும் என்றும் தோன்றியது.

ஞாயிறன்று ஹில்டா மாடியேறி வந்தபோது, அவன் இறக்கைகளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே இது?"

"தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோறேன் அத்தை."

"அய்யய்யோ, அங்க கூரை ஒழுகுமே! எல்லாம் பாழாயிடும்."

"ஆகட்டும். நாளைக்குக் கட்டில் வருது. இந்த வாரமே வந்துடுங்க."

"இன்னும் முடிக்கலியே!"

"முடியாட்டி என்ன? நீங்க மறுபடி விழுந்தா பக்கத்துல யாரு இருக்கா? எனக்கு இது பொம்மை, அத்தை. நீங்க மாவிஸுக்கு அம்மா."

ஹில்டா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். கீழே மாவிஸ் தட்டுகளை வைக்கும் சத்தம் கொஞ்சம் கோபமாகவே கேட்டது. ஹில்டா போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டியிலிருந்து விமானத்தின் உடலை இரண்டு கையாலும் தூக்கி, மறுபடி மேசைமேல் வைத்தாள்.

"இந்த மூக்கைத் திரும்பச் செய்ய எவ்வளவு நாளாகும்?"

"ஆறு மாசம். நிதானமாச் செஞ்சா ஒரு வருஷம்."

"நிதானமாவே செய்."

"அத்தை, அதுவரைக்கும் நீங்க..."

"எனக்கு என் வீடு, என் அடுப்பு, வியாழக்கிழமையானா சீட்டாட நாலு பேரு, எல்லாம் அங்கதான் இருக்கு" என்று அவன் தோளில் தட்டினாள் ஹில்டா. "வரமாட்டேன்னு சொன்னா மாவிஸ் அழுவா, மாப்ளே, அதான் பட்டாணியைப் போட்டேன்."