கையாலே தொடாத காரியதரிசி

நம்ம பினாங்குல கொசு எத்தனை ஜாதியோ, காரியதரிசியும் அத்தனை ஜாதி. கோயில் காரியதரிசி, சங்கத்துக் காரியதரிசி, சாவு ஃபண்டு காரியதரிசி. போன வருஷம் காரியதரிசிங்களுக்கே ஒரு சங்கம் வச்சு அதுக்கும் ஒருத்தரைப் போட்டாங்க. இத்தனையிலும் ரொம்ப உசந்த ஜாதி ஒண்ணு உண்டு. வாங்குவாரு, ஆனா கையாலே தொட மாட்டாரு. இன்னைக்கு அவரைப் பத்தித்தான் பேச்சு. கேட்டுட்டு நாலு பேருகிட்ட சொல்லுங்க; யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

இந்த ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? சுலபம். கெட்ட வழியிலே சம்பாதிச்ச பணக்காரன் பேரை எடுத்துப் பாருங்க, உடனே மூக்கைப் பொத்திக்குவாரு. பொத்தின கைக்கு மேலே ரெண்டு கண்ணும் அந்தப் பணக்காரன் வீடு எந்தப் பக்கம்னு தேடும். காசு கேக்கிறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அவன் "அந்தப் பாவி". கேக்கப் போற அன்னைக்கு "அந்த மொதலாளி". கைக்கு வந்துட்டா "நம்ம வள்ளல்". "நமக்கா கேக்கிறோம், புள்ளைங்களுக்குத்தானே"ன்னு ஆரம்பிச்சு, "ஆளு அப்படி இப்படித்தான், மனசு தங்கம்"னு முடிப்பாரு. நல்லது நடந்தா "நான் செஞ்சேன்". கெட்டது நடந்தா "கமிட்டி முடிவு".

சூலியா தெருவுல மசாலாக் கடை வச்சிருக்கிற அலாவுதீன் பாய் இந்த ஜாதியிலே அசல் சரக்கு. ஜெலுத்தோங்குல கூலிக்காரங்க புள்ளைங்க படிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவருதான் காரியதரிசி. பள்ளிக்கூடம்னா பெரிசா நெனச்சுக்காதீங்க. ஒரே கொட்டாய், அத்தாப்பு ஓலைக் கூரை, ரோசம்மான்னு ஒரே டீச்சர். மழை வந்தா புள்ளைங்க சிலேட்டைத் தலைக்கு மேலே பிடிச்சுக்கிட்டுப் பாடம் கேக்கும். இன்ஸ்பெக்டர் துவான், அதான் வெள்ளைக்காரத் துரை, ஒரு தடவை வந்து நனைஞ்சாரு. "அடுத்த தடவை நான் வர்றப்போ ஒரு சொட்டு விழுந்தாலும் கவர்மெண்டு கிராண்டுப் பணம் கிடையாது"ன்னுட்டுப் போயிட்டாரு. கிராண்டு போனா பள்ளிக்கூடம் போச்சு. புள்ளைங்க தெருவுல.

பாயி கடை கடையா ஏறி இறங்கினாரு. ஜவுளிக்காரரு "பாக்கலாம்"னாரு. வட்டிக்கடைக்காரரு "வருத்தமா இருக்கு"ன்னாரு, கோப்பி மட்டும் குடுத்தாரு. மிச்சம் இருந்தது ஒரே ஆளு. கள்ளுக்கடை காண்டிராக்ட் திருநாவுக்கரசு. ஜெலுத்தோங்குல இருந்து துறைமுகம் வரைக்கும் எவன் தள்ளாடி நடந்தாலும் அவரு புண்ணியம்தான்.

இதுல ஒரு சின்னச் சிக்கல். குடி ஒழிப்புக் கூட்டத்துல அந்த ஆளைக் கிழிகிழின்னு கிழிச்சதே நம்ம பாயிதான். அதனால என்ன? மழையே இல்லாத நாளுல குடையைப் பிடிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, அவரு வீட்டுக்குக் கொல்லைப் பக்கமாப் போயிட்டாரு.

"என்ன பாய், என் நிழல் பட்டாலே குளிக்கணும்னு மேடையிலே சொன்னீங்க. இப்ப என் நாற்காலியிலேயே உக்காந்திருக்கீங்க."

"அதையெல்லாம் மனசுல வச்சுக்கலாமா அண்ணே? அது கூட்டத்துக்குச் சொன்னது லா."

"சரி, எவ்வளவு வெள்ளி வேணும்?"

பாயி கண்ணை மூடிக்கிட்டாரு. "வெள்ளிக்காசா வேணாம் அண்ணே. கள்ளுக்காசு படிப்புல படக்கூடாது. நான் கையாலேயும் தொட மாட்டேன். தகரமா குடுங்க. தகரத்துக்கு ஏது பாவம்?"

"காசா வாங்கிக்கிட்டா நீங்களே புதுத் தகரம் எடுத்துக்கலாமே?"

"காசுன்னா ஆகாதுண்ணே."

திருநாவுக்கரசு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. "தகரம்னா தகரம்."

மாட்டு வண்டியிலே தகரம் வந்து இறங்குச்சு. ஜெலுத்தோங் கள்ளுக்கடையைப் புதுசாக் கட்டுறாங்க; பழைய கடை வேலியைப் பிரிச்சு அப்படியே ஏத்தி அனுப்பிட்டாரு மனுஷன். ஓட்டை இல்லே, துரு இல்லே, நல்ல தகரம். என்ன ஒண்ணு, கடைச் சட்டதிட்டம் அத்தனையும் அதுமேலே தார்ல எழுதியிருக்கு. ஒவ்வொரு எழுத்தும் முழங்கை நீளம்.

"எழுத்து எந்தப் பக்கம் வரணும் பாய்?"ன்னான் தச்சன்.

பாயி நிமிர்ந்து பாத்தாரு. எதிர்த்த மாடியிலே குடி ஒழிப்புச் சங்கத் தலைவரு வீட்டு ஜன்னல். காலையிலே எந்திரிச்சா அந்த மனுஷன் முதல்ல பாக்கிறதே இந்தக் கூரையைத்தான்.

"உள் பக்கம் போட்டுரு."

ரோசம்மாவுக்குப் பொறுக்கலே. "அண்ணே, உள்ளே புள்ளைங்க இருக்குதுங்களே."

"புள்ளைங்கதானே டீச்சர்? பெரிய மனுஷன் எவன் உள்ளே வரப்போறான்?"

ரோசம்மா சுண்ணாம்பு அடிச்சுப் பாத்துச்சு. ஒரு வாரம் தார் ஒளிஞ்சிருந்துட்டு மறுபடி வெளியே வந்துருச்சு.

இன்ஸ்பெக்டர் துவான் வந்த அன்னைக்கு நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு விழலே. மழைக்கே தான்தான் ஆர்டர் குடுத்த மாதிரி பாயி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னாரு. வர வேணாம்னு சொல்லிவிட்டிருந்தும் திருநாவுக்கரசு மாலையைத் தானே வாங்கிப் போட்டுக்கிட்டு முன் வரிசையிலே உக்காந்திருந்தாரு.

துவான் லேசுப்பட்ட ஆளு இல்லே. புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டே கடகடன்னு ஒப்பிக்கிற புள்ளைங்களை ஊரு ஊராப் பாத்தவரு. முன்னால உக்காந்திருந்த கேத்தரினை எழுப்பினாரு. துறைமுகத்துல மூட்டை தூக்குறவன் மக. அது கையிலே இருந்த புத்தகத்தைப் பிடுங்கி மூடி வச்சாரு. மனப்பாடம் பண்ணாத எழுத்து இங்கே எங்கே இருக்குன்னு சுத்திப் பாத்தாரு. மேலே பாத்தாரு. கைப்பிரம்பைத் தூக்கிக் காட்டினாரு.

"அதை வாசி."

கேத்தரின் கையைக் கட்டிக்கிட்டு, திக்காம திணறாம வாசிச்சுச்சு. "ரொக்கம் மட்டும். கடன் கிடையாது. சண்டை போடுவோர் வெளியே தள்ளப்படுவர். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வரக் கூடாது."

துவானுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். கொஞ்சம் தெரிஞ்சதுதான் வம்பு.

"இது என்ன?"

"ஸ்கூல் ரூல், துவான்"ன்னாரு பாயி.

"பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரக் கூடாதா?"

"லேட்டா வந்தா, துவான்."

முன் வரிசையிலே மாலை குலுங்குச்சு. திருநாவுக்கரசு எந்திரிச்சுட்டாரு. "அது என் கடை வேலி, துவான். கள்ளுல தண்ணி கலக்கிறதோட சரி, பேச்சுல கலக்கிற பழக்கம் எனக்கில்லே."

ரோசம்மா சிலுவை போட்டுக்கிச்சு. கிராண்டு போச்சுன்னு பாயி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு.

திருநாவுக்கரசு விடலே. "வருஷா வருஷம் கவர்மெண்டுக்கு லைசென்ஸ் காசு கட்டுறேனே துவான், அதை எண்ணி வாங்குறப்போ ஆபீசுல ஒருத்தரும் மூக்கைப் பொத்தலியே?"

துவான் இருமினாரு. தொப்பியை எடுத்துத் தலையிலே வச்சாரு. அப்புறம் எழுதினாரு: கூரை நன்று, படிக்காத பாடத்தையும் பிள்ளைகள் தடையில்லாமல் வாசிக்கிறார்கள், கிராண்டு உண்டு.

துவான் வண்டி தெருவைத் தாண்டினதும் பாயிக்கு உசிரு திரும்பி வந்துச்சு. "பாத்தீங்களா டீச்சர், நம்ம கேத்தரின் என்னமா வாசிச்சா?"

"அவ வாசிக்கலேண்ணே. அவளுக்கு ஆனா ஆவன்னாவே இன்னும் தடுமாறும்."

"பின்னே?"

"சம்பளத்தன்னைக்கு அப்பனைக் கூட்டிட்டுப் போக அந்த வேலிக்கு வெளியேதான் வந்து நிப்பா. உள்ளே விட மாட்டாங்களே. ஏன் விடலேன்னு கேக்கிறப்பல்லாம் அந்தக் கடைக்காரன் இதைத்தான் விரலை வச்சு வச்சு வாசிச்சுக் காட்டுவானாம். மனப்பாடம் ஆயிருச்சு."

பாயி தொண்டையைச் செருமினாரு. குடையை எடுத்தாரு, வச்சாரு. அவருக்குள்ளே இருந்த மனுஷன் எந்திரிக்கப் பாத்தான். காரியதரிசி அவன் தோளைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு.

"எப்படியோ கிராண்டு வந்துச்சே டீச்சர். அடுத்த தடவை வேற புள்ளையை முன்னால உக்கார வைங்க. கை கழுவக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

தொடாத கைக்குத் தண்ணி எதுக்குன்னு ரோசம்மா கேக்கலே. சொம்பை நீட்டுச்சு. டீச்சருக்கும் அந்தக் கிராண்டுல இருந்துதானே சம்பளம்.

சிரிக்கிறீங்க இல்லே? நல்லாச் சிரிங்க. பாயி மாதிரி ஆளு உங்க தெருவுலயும் ஒருத்தரு இருப்பாரு, தெரியும். அவரு சூலியா தெருவுலதான் இருக்கணும்னு இல்லே, கண்ணாடியிலேயும் இருப்பாரு. நீங்க சௌகரியமா உக்காந்து இதைப் படிக்கிற இடத்துக்குக் கூரை யாரு போட்டதுன்னு எப்பவாச்சும் யோசிச்சிருக்கீங்களா? வேணாம், இப்ப நிமிர்ந்து பாக்காதீங்க. எழுத்து உள் பக்கம் இருந்தாலும் இருக்கும்.